நாமளே அண்ணன் கட்டிய யௌவன வாசல்

ஒரு வீட்டை அழிக்க நான்கு வழிகள் உண்டு, பிள்ளைகளே. மழை, கரையான், பங்காளி வழக்கு, நாமளே அண்ணன். முதல் மூன்றுக்கும் ஏதாவது மருந்து இருக்கிறது. நான்காவதற்கு இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

கேரள எல்லையோரம், பாறசாலையிலிருந்து குளத்தூர் போகும் வழியில், எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி அவர் வீடு. தொழிலில் தையல்காரர். அதில் குறை சொல்ல மாட்டேன். அவர் தைத்த பிளவுஸைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போன பெண்கள், அங்கே வேறு நாலு பெண்களை அவரிடம் அனுப்பி வைப்பார்கள். அவ்வளவு சுத்தமான கை. அந்தக் கையில் ஊசி இருக்கும் வரைக்கும்தான் அந்தச் சுத்தம். சுத்தியல் வந்துவிட்டால் அது வேறு யாருடைய கையோ ஆகிவிடும்.

நான் கொத்தனார். பத்தாம் வகுப்பு வரை தமிழ்ப் பள்ளியில் படித்தேன். மிச்சப் படிப்பு செங்கல்லிடமும் ரசமட்டத்திடமும். ஆகவே நான் அவரை இளக்காரமாகப் பேசினால் அது பொறாமை அல்ல. அவர் செய்த வேலையைப் பார்த்த கண்ணின் வலி.

"நாமளே" என்பது அவருடைய பெயர் இல்லை. குழாய் ஒழுகினாலும், ஓடு உடைந்தாலும், மதில் சாய்ந்தாலும் அவர் சொல்வது ஒன்றுதான்: "இதுக்கெல்லாம் ஆளு எதுக்கு மக்கா? நாமளே செய்யலாம்." இப்படிச் சொல்லிச் சொல்லி, பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் மிஞ்சியது.

அவருடைய சாதனைகளில் சிலதைக் கேளுங்கள். வாசலில் அழைப்பு மணி வைத்தார். பொத்தானை அமுக்கினால் மணி அடிக்காது. அடுக்களையில் மின்விசிறி சுற்றும். எந்தக் கம்பியை எதனோடு முடிச்சுப் போட்டார் என்று அவருக்கே தெரியாது. ஆனால் ஒத்துக்கொள்வாரா?

"சத்தம் இல்லாத பெல்லாக்கும் இது. உறங்குகிற ஆளு எழும்பாது. டவுனில் இப்போ இதுதான் பேஷன்" என்றார்.

அவர் மனைவி ரெத்னம் அக்கா பாவம், மீன் கழுவிக்கொண்டே விசிறியைப் பார்ப்பார். அது சுற்றினால், "ஆரோ வந்திருக்கு" என்று கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடுவார். அடுக்களையில் காற்று வேண்டுமென்றால் இன்னொருவர் வெளியே போய்ப் பொத்தானை அமுக்கிக்கொண்டே நிற்க வேண்டும்.

ஒரு மழைக்காலத்தில் ஓட்டுக் கூரை ஒரே ஓர் இடத்தில் ஒழுகியது. நம் ஊரில் ரப்பர் ஷீட்டுக்கா பஞ்சம்? ரப்பரில் வெள்ளம் இறங்காது என்று கண்டுபிடித்த விஞ்ஞானி போலக் கூரையில் ஏறினார். ஓட்டின் மேல் ஷீட்டை விரித்தார். அதுவரை சரி. காற்றில் பறக்காமலிருக்க அதற்கு ஆணி அடித்தார். ஓட்டில் ஆணி அடித்தால் என்ன ஆகும் என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். ஒரு ஒழுக்கு ஆறு ஒழுக்கானது. அந்த வருஷம் அவர்கள் வீட்டில் சோறு வடிக்கப் பானை கிடைக்கவில்லை. எல்லாப் பானையும் ஒழுக்குக்குக் கீழே இருந்தது.

பிறகு செல்போன் வந்தது. அதில் வீடியோ வந்தது. நம் ஊர்க்காரருக்கு இரண்டு பாஷையும் தெரியும் என்பது பெருமைதான். ஆனால் இவருக்கு அது வினையாக முடிந்தது. முற்றத்துக்குத் தளம் போட, சிமென்ட் எவ்வளவு என்பதைத் தமிழ் வீடியோவில் பார்த்தார். மணல் எவ்வளவு என்பதை மலையாள வீடியோவில் பார்த்தார். இரண்டும் நல்ல வீடியோக்களாகவே இருக்கலாம். சாம்பார் வைக்கும் முறையில் பாதியும் பாயசம் வைக்கும் முறையில் பாதியும் சேர்த்தால் என்ன வரும்? அந்தத் தளம் பப்படம் போல உரிந்தது. கோழி கொத்தினாலே பெயர்ந்தது.

இதெல்லாம் சாதாரண வியாதி. முற்றிய வியாதி அதற்குப் பிறகு வந்தது.

நெய்யாற்றின்கரையில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது மரச்சட்டம் வாங்கப் போனவர், அங்கே கிடந்த ஒரு முழக்கோலையும் ஒரு பழைய கணக்குச் சுவடிப் புத்தகத்தையும் எடுத்து வந்தார். நம் பக்கத்துத் தச்சர்கள் அறையின் சுற்றளவைக் கோலிலும் விரலிலும் அளந்து, அது எந்த வயசில் விழுகிறது என்று பார்ப்பார்கள். ஐந்து வயசு உண்டு: பால்யம், கௌமாரம், யௌவனம், வார்த்தக்யம், மரணம். குழந்தை, சிறுவன், இளமை, முதுமை, சாவு. அளவு கூடக் கூட வயசும் கூடும். மரணத்தில் விழுந்தால் வீட்டுக்காரனுக்கு ஆகாது என்பது நம்பிக்கை. படித்த தச்சன் அதை வீட்டுக்கும் அறைக்கும் பார்ப்பான். நான் அதை நம்புவதில்லை. ஆனால் பார்க்கிறவர்களைக் கேலி செய்வதும் இல்லை.

இவரைக் கேலி செய்யாமல் இருக்க முடியாது. கரையான் தின்றது போக அந்தப் புத்தகத்தில் மிஞ்சியது ஒரே ஒரு அட்டவணை. அதை வைத்துக்கொண்டு வீட்டிலுள்ள எல்லாவற்றையும் அளக்க ஆரம்பித்தார். கட்டிலை அளந்தார். மீன்சட்டியை அளந்தார். ரெத்னம் அக்காவின் அம்மிக்கல் மரணத்தில் விழுந்ததால் அதைத் தூக்கி வாழைக்கு அடியில் போட்டார்.

நாய்க்குக் கூடு கட்டினார், யௌவனக் கணக்கில். நாய் உள்ளே போனது. திரும்ப இடமில்லை. பின்னங்காலாலேயே தட்டித் தடவி வெளியே வந்தது. இரண்டு மாநிலத்திலும் தேடினாலும் ரிவர்ஸ் எடுக்கத் தெரிந்த நாய் அது ஒன்றுதான்.

"அண்ணே, கூடு கொஞ்சம் சின்னதாப் போச்சே?" என்றேன்.

"சின்னதானா என்னலே? கணக்கு யௌவனமாக்கும். இனி இவனுக்கு வயசே ஆகாது" என்றார். நாய் என்னைப் பார்த்த பார்வையில், ஒரே நாளில் அதற்குப் பத்து வயசு கூடியிருந்தது.

இந்தச் சமயத்தில்தான் அவருடைய ஒரே மகள் சுனிதா உண்டாகியிருக்கிறாள் என்று செய்தி வந்தது. நெய்யாற்றின்கரையில் கட்டிக்கொடுத்த பெண். ஏழாம் மாசம் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவந்து, பிள்ளைப்பேறு வரை வைத்திருப்பது வழக்கம். ஆனால் அந்த வீட்டுக் குளியலறை வெளியே, பலாமரத்தைத் தாண்டி இருந்தது. வழியெல்லாம் பாசி பிடித்த கல். வருவதோ மழைக்காலம். வயிற்றுப்பிள்ளைக்காரி அதில் நடந்தால் என்ன ஆகும்?

ரெத்னம் அக்கா முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். நான் மதில் ஓரமாக நின்று கேட்டேன்.

"மனுசா, இந்த வீட்டுக்கு உள்ளே ஒரு பாத்ரூம் வேணும். பிள்ளை வாறதுக்கு முன்னே வேணும். இல்லேங்கில் மோளை நான் பாலராமபுரத்துக்கு எனக்க அண்ணன் வீட்டுக்குக் கொண்டு போவேன். பேறு அங்கதான். பேரப்பிள்ளையைப் பார்க்க நீங்க பஸ் ஏறி வந்தாப் போதும்."

நாமளே அண்ணனின் முகம் சுருங்கியதை அன்றுதான் பார்த்தேன். மகள் என்றால் அவருக்கு உயிர். அவள் பிறந்தது இந்த வீட்டில். அவள் பிள்ளையும் இந்த வீட்டில்தான் முதலில் கண் விழித்து விளையாட வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர்.

நானே போய்ச் சொன்னேன். "அண்ணே, சும்மா இரிங்க. பத்து நாள் தாங்க. நான் கட்டித் தாறேன்."

"எலே, எனக்க மோளுக்குக் கட்டுறதுக்கு ஊரான் எதுக்கு? நாமளே செய்யலாம்."

செய்தார். மூன்று மாசம் செய்தார். நடுவறையை ஒட்டி நாலு சுவர் எழும்பியது. ரசமட்டம் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன். அதிலுள்ள குமிழி வெட்கப்பட்டு ஒரு மூலைக்கு ஓடிப்போய் ஒளிந்துகொண்டது. ஆனாலும் சுவர் நின்றது. வாசலுக்கு மேலே சட்டம் வைத்திருந்தார். வாசலின் அகலமும் இரண்டரை அடி. நல்ல அளவு. ஆச்சரியப்பட்டேன். தையல்காரனுக்கும் ஒருநாள் புத்தி வரும் என்று நினைத்தேன்.

மறுநாள் போனால் வாசலின் இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கிக்கொண்டிருக்கிறார்.

"என்ன அண்ணே இது?"

அவர் கோலை நீட்டிக் காட்டினார். குரலைத் தாழ்த்தினார். "மக்கா, வாசலை அளந்து பார்த்தேன். மரணத்தில் விழுது. பிள்ளை பெற வாறவளை மரண வாசல் வழியா நடத்தலாமா? அதுதான் குறைக்கேன். பக்கத்துக்கு ஆறு விரல். கிடுகிடுன்னு இறங்கி யௌவனத்தில் வந்து நிக்கும்."

"வாசல் யௌவனத்தில் நிக்கும், சரி. மனுசன் எங்க நிக்குவான்?"

"சரிஞ்சு போனாப் போதும்."

சரிந்து போனால் போதுமாம்! கடைசியில் அந்த வாசல் ஒரு முழம்கூட இல்லை. ரெத்னம் அக்கா நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நுழைந்து பழகினார். நாமளே அண்ணன் மெலிந்த ஆள். அளவுநாடா போலச் சுருண்டு நுழைந்துவிடுவார். பிளவுஸைப் பிடித்துத் தைப்பதுபோல் சுவரையும் பிடித்துவிட்டோம் என்று அவருக்கு ஒரே குஷி. பிளவுஸ் பிடித்தால் மூச்சு முட்டும், அவ்வளவுதான். சுவர் பிடித்தால்?

சுனிதா வந்த நாளில் தெரிந்தது.

காரிலிருந்து பெண் இறங்கினாள். கூடவே அவளுடைய மாமியார். நல்ல கனத்த அம்மாள். மலையாளம்தான் பேசுவார், தமிழ் நன்றாகப் புரியும். நான் வாழைக்குலை கொண்டுபோய்க் கொடுக்கும் சாக்கில் அங்கே நின்றேன். பொய் சொல்லக் கூடாது. வேடிக்கை பார்க்கத்தான் போனேன்.

சாயா குடித்து முடித்ததும் மாமியார் அம்மாள், "பாத்ரூம் எவிடெ?" என்று கேட்டார். நாமளே அண்ணன் மார்பை நிமிர்த்திக்கொண்டு முன்னால் நடந்தார். வாசலைக் காட்டினார். அம்மாள் வாசலைப் பார்த்தார். தன்னைப் பார்த்தார். மறுபடி வாசலைப் பார்த்தார்.

"இது வாதிலோ, ஜனலோ?"

கதவா, ஜன்னலா என்று கேட்கிறார். ரெத்னம் அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"சரிஞ்சு போகணும் அம்மா" என்று சொல்லி, அண்ணன் நுழைந்து காட்டினார். உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "கண்டோ? எளுப்பமாக்கும்!"

பிறகு சுனிதா போனாள். நேராகப் போனாள், தோள் இரண்டு பக்கமும் இடித்தது. சரிந்து போனாள், வயிறு இடித்தது. பின்னால் திரும்பிப் போய்ப் பார்த்தாள், அதுவும் நடக்கவில்லை. ஏழு மாச வயிற்றுக்கு முன்பக்கம் எது, பக்கவாட்டு எது? பெண் முதலில் சிரித்தாள். "அப்பா, நான் பேறு கழிஞ்சு வந்து குளிச்சாப் போதுமா?" என்றாள். சொல்லி முடிக்கும் முன்பே அவள் கண் நிறைந்துவிட்டது.

ரெத்னம் அக்கா அத்தனை வருஷத்துப் பொறுமையையும் ஒரே வாக்கியத்தில் கொட்டினார்.

"ஊரிலுள்ள பெண்ணுங்களுக்கு எல்லாம் அளவெடுத்த மனுசனுக்கு, சொந்த மோளுக்க அளவு தெரியல்லியே!"

மாமியார் அம்மாள் பெட்டி இருந்த பக்கம் நடந்தார். வெளிக் குளியலறையையும் பாசிக்கல்லையும் அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டார். பெண்ணைத் திரும்பக் கூட்டிப் போவதாகச் சொன்னார். ரெத்னம் அக்கா, இல்லை, பாலராமபுரத்துக்குத்தான் என்றார். பெட்டி இன்னும் திறக்கப்படவில்லை. அதன் கைப்பிடியை இரண்டு பேரும் இரண்டு பக்கம் பிடித்தார்கள். எங்கே போனாலும் சரி, பெண் அந்த வீட்டில் இல்லை என்பது மட்டும் உறுதியாகிவிட்டது.

நாமளே அண்ணன் அட்டவணையை எடுப்பார், கோலை எடுப்பார், ஏதாவது வாதம் பண்ணுவார் என்று நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருந்தேன். அவர் பின்கட்டுக்குப் போய்க் கடப்பாரையுடன் வந்தார்.

"பெட்டியைக் கீழே வையுங்க. ஒரு அரை மணிக்கூறு" என்றார்.

முதல் குத்து வாசலின் இடப்பக்கத்தில் விழுந்தது. அவர் சேர்த்துக் கட்டிய செங்கல், அவருடைய சாம்பார்-பாயசச் சிமென்டின் புண்ணியத்தால், தொட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது. அவர் வேலையில் அன்றைக்குத்தான் ஒரு நன்மையைக் கண்டேன்.

ரெத்னம் அக்கா அவர் கையைப் பிடித்தார். கோபம் போய் அவர் முகத்தில் இப்போது பயம் இருந்தது. "ஏய், மரணம்னு சொன்னீங்களே? அந்தக் கணக்கு?"

"அது உண்டு."

"பின்னே பிள்ளைக்கு..."

"பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல. நான் அட்டவணையை முழுசும் வாசிச்சேன். கணக்கு தட்டுறது வீட்டுக்காரனுக்காக்கும். கட்டினவனுக்கு. அது நான்தானே? எனக்குத் தட்டட்டு. நீ விடு பிள்ளே."

என்னுடைய சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. பிள்ளைகளே, எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை என்று சொன்னேன் அல்லவா? அவருக்கு இருந்தது. சூரியன் கிழக்கே உதிக்கும் என்பதை நம்புவதுபோல் அவர் அதை நம்பினார். நம்பிக்கொண்டேதான் இரண்டாவது பக்கத்தையும் இடித்தார்.

வாசல் மறுபடி இரண்டரை அடி ஆனது. ஓரமெல்லாம் பல் விழுந்த ஈறு மாதிரி இருந்தது. அதில் ஒரு பழைய சேலையைத் திரையாகக் கட்டினார்கள். சுனிதா கையை வீசிக்கொண்டு நடந்து உள்ளே போனாள். வெளியே மாமியார் அம்மாள் பெட்டியின் பிடியை விட்டார். பிறகு அவரும் உள்ளே போய் வந்து, "கொள்ளாம்" என்றார். நம் பக்கத்தில் அதற்கு மேல் பெரிய சான்றிதழ் கிடையாது.

நாமளே அண்ணன் மண்ணும் தூசுமாக என்னிடம் வந்தார். கடப்பாரையை என் கையில் கொடுத்தார்.

"மக்கா, ஓரம் பூசித் தா. அளவு எவ்வளவுன்னு மட்டும் எனக்குட்ட சொல்லாதே. இனி நான் அந்த வாசலை அளக்க மாட்டேன்."

மறுநாள் காலையில் கலவை போட்டேன். அவர் கடைக்குப் போய்விட்டார்.

சுனிதாவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. அந்தப் பிள்ளைக்கு இப்போது நாலு வயசு. வரும்போதெல்லாம் அந்த வாசலில் ஓடி ஓடி, திரைக்குப் பதிலாகப் பிறகு போட்ட கதவை ஆட்டி ஆட்டிக் கீல் கழன்றுவிட்டது. கீலைச் சரிசெய்தது யார் என்று கேட்க வேண்டாம். கதவு இப்போது தலைகீழாகத் தொங்குகிறது. தாழ்ப்பாள் கணுக்காலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

நாமளே அண்ணன் நாலு வருஷமாகச் சாகத் தயாராக இருக்கிறார். ஒரு தும்மல் வந்தால் போதும், "கணக்கு வேலை செய்யத் தொடங்கியாச்சு" என்பார். மீன் குழம்பு விளம்பும்போது, "நடுத்துண்டை இஞ்ச போடு. நான் எத்தனை நாளோ?" என்பார். மோளுக்கு வேண்டி உயிரைக் கொடுத்தவன் என்று சாயாக்கடையில் ஒரு தனி மரியாதையும் வாங்கிக்கொள்கிறார். இவ்வளவு ஆரோக்கியமாகச் செத்துக்கொண்டிருக்கும் மனுஷனை நான் கண்டதில்லை.

அன்று பூசும்போது நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. வீட்டில் ஆண்கள் யாரும் இல்லாத நேரம். மூலையில் கிடந்த கோலை எடுத்தேன். அந்த அட்டவணையையும் விரித்தேன். பத்தாம் வகுப்புக் கணக்கை வைத்து இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். அந்த வாசலின் சுற்றளவு மரணத்துக்குள் நாலே நாலு விரல்தான் நுழைந்திருந்தது. அதை விட்டுக் கீழே வந்தால் முதுமை. யௌவனம், யௌவனம் என்று பேராசைப்பட்ட மனுஷனுக்கு நடுவில் ஒரு முதுமை இருப்பது கண்ணில் படவில்லை.

கையில் கலவை இருந்தது. இரண்டு பக்கமும் அரை அரை விரல் கூடப் பூசினேன். மேலே ஒரு விரல் இறக்கினேன். என் தொழிலில் அது பிழையான பூச்சு. பருமன் ஒரு சீராக இல்லை. என்னிடம் வேலை பழகுகிறவன் அப்படிப் பூசினால் நான் கரண்டியைப் பிடுங்கியிருப்பேன். ஆனால் சுற்றளவில் அகலமும் உயரமும் இரண்டிரண்டு தடவை வருமே, மறுபடி அளந்தபோது நாலு விரலும் குறைந்திருந்தது.

நம்பாத கணக்குதான். இருந்தாலும் அந்த மனுஷன் நல்லா நரைத்து, பல்லெல்லாம் விழுந்து, பெரிய கிழவனாகட்டும்.